நால்வர் பேப்பர் படித்ததும் அரசி காணாமல் போனதும்

வாடிக்கரையில் பஸ் நிற்குமா நிற்காதா என்பது டிரைவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது. அந்த ஊரிலிருந்து நாலு பேர் கலெக்டராகியே தீருவது என்று கிளம்பினார்கள். ஒரு ஜில்லாவுக்கு ஒரு நாற்காலிதானே, நாலு பேரும் பாஸாகிவிட்டால் எப்படி உட்காருவது என்று முதல் நாளே சண்டை வந்தது. கிழமை பிரித்து உட்காரலாம், ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் வேண்டாம் என்று பேசிச் சமாதானமானார்கள். அவ்வளவு ஒற்றுமை.

லூர்துசாமிதான் தலைவன். ஏற்கெனவே ஒரு அரசாங்கப் பரீட்சை எழுதியவன் அவன் ஒருத்தன்தான். அது டிரைவிங் லைசென்ஸ் பரீட்சை என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. காதர்மைதீன் கணக்கில் பட்டம் வாங்கியவன், எதையும் விரல் விட்டு எண்ணாமல் ஒத்துக்கொள்ள மாட்டான். இருளப்பன் பி.ஏ. தமிழ். எந்த வார்த்தை கையில் அகப்பட்டாலும் பிரித்துப் போட்டுவிடுவான், திரும்பச் சேர்க்கத் தெரியாது.

நாலாவது ஆள் மங்கையர்க்கரசி. முழுசாகக் கூப்பிட்டால் வாய் வலிக்கிறது என்று மற்ற மூவரும் மங்கை என்பார்கள். அவளுக்குத்தான் அவசரம். இந்தத் தடவை பாஸாகாவிட்டால் வத்தலக்குண்டு மாமன் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவேன் என்று அவள் அம்மா சொல்லியிருந்தாள். மாமன் மகன் நல்ல பையன்தான். ஆனால் பேசும்போதெல்லாம் பல் குத்துவான்.

அந்த வருஷம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி ஐ.ஏ.எஸ். பாஸாகி, கல்யாண மண்டபத்தில் அவளுக்குப் பாராட்டு விழா நடந்தது. நால்வரும் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். அந்தம்மா பொன்னாடையை மடித்துக்கொண்டே காரில் ஏறப் போகையில் லூர்து ஓடிப்போய் மறித்தான்.

"மேடம், நாங்களும் எழுதப் போறோம். ஒரே ஒரு வழி சொல்லுங்க."

"தினமும் பேப்பர் படிங்க தம்பி. எந்தப் பக்கமும் சாயாமப் படிக்கணும். ஒவ்வொரு செய்திக்கும் பின்னால என்ன இருக்குன்னு பாருங்க. மேலோட்டமாப் பார்க்காம ஆழமா இறங்கிப் படிங்க."

கார் போய்விட்டது. நால்வரும் அந்த நாலு வாக்கியத்தையும் பாதை நெடுக ஒப்பித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை லூர்து வீட்டு மாட்டுக்கொட்டகையில் படிப்பு ஆரம்பமானது. மாட்டை விற்றாகிவிட்டதால் இடம் தாராளம். முதல் சிக்கல் இருளப்பனால் வந்தது. அவனுக்குப் பேப்பரைப் பிரித்ததுமே தூக்கம் வரும். தூக்கம் வந்தால் இடது பக்கம் சாய்வான்.

"சாயறான்டா!" என்றான் காதர்.

"எந்தப் பக்கமும் சாயக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. ஒருத்தன் சாஞ்சா நாலு பேருக்கும் மார்க் போயிடும்" என்று லூர்து கலங்கிவிட்டான்.

பழைய மாட்டுக்கயிற்றை எடுத்து இருளப்பனைத் தூணோடு கட்டினார்கள். அவன் நெட்டுக்குத்தலாகத் தூங்கினான். நிம்மதியாயிற்று.

அடுத்தது, செய்திக்குப் பின்னால் பார்ப்பது. முதல் பக்கத்தில், எங்கோ ஒரு தேசத்து நிதி மந்திரி திடீரென்று பதவி விலகியிருந்தார். காரணம் தெரியவில்லை என்று போட்டிருந்தது. மங்கை தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மந்திரிக்கு நேர் பின்னால் ஒரு விளம்பரம்: மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்.

மங்கை அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாள்.

"பாவம், உட்கார முடியல போல" என்றாள் மங்கை.

"அதான் நாற்காலிய விட்டு எந்திரிச்சுட்டாரு. காரணம் தெரியலைன்னு நாசூக்காப் போட்டிருக்கான்" என்றான் லூர்து.

"இத்தனை பேரு படிக்கிறாங்க, நமக்கு மட்டுந்தான்டா தெரிஞ்சிருக்கு" என்று காதருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தம்மா சொன்ன வழி எவ்வளவு சத்தியமானது என்று நால்வருக்கும், தூணில் இருந்தவன் உட்பட, உறுதியாயிற்று.

ஒரு வாரம் இப்படிப் போன பிறகுதான் லூர்து அந்தக் கேள்வியைக் கேட்டான்.

"ஆழமா இறங்கிப் படிங்கன்னாங்களே. நாம இன்னும் தரையிலதான உக்காந்திருக்கோம்?"

ஊருக்கு மேற்கே ஒரு தூர்ந்த கிணறு உண்டு. தண்ணீர் கிடையாது, அடிவரைக்கும் படி கிடையாது. பாதிவரை படியில் இறங்கி, மிச்சத்தைக் குதித்துக் கடந்தார்கள். காதர் பேப்பரைப் பல்லில் கவ்விக்கொண்டான். கீழே நல்ல குளிர்ச்சி. தலையங்கம் பிரமாதமாக மண்டையில் ஏறியது. எப்படி மேலே வருவது என்பது பாடத்தில் இல்லாததால் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

ஆடு மேய்த்த பெண் ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுக் கத்திய கத்தலில் ஊரே கூடியது. தீயணைப்பு வண்டி வந்தது.

"எப்படிப்பா விழுந்தீங்க?" என்று மேலிருந்து கேட்டார் தீயணைப்பு வீரர்.

"விழலைங்க. இறங்கியிருக்கோம்" என்றான் லூர்து, கௌரவம் குறைந்துவிட்ட மனத்தாங்கலோடு.

"கயித்தைப் பிடிங்க."

"கொஞ்சம் பொறுங்க சார். விளையாட்டுச் செய்தி பாக்கி இருக்கு."

கடைசியில் வலையைப் போட்டு, மீனைத் தூக்குவது மாதிரி தூக்கினார்கள். உள்ளூர் நிருபர் சந்திரபோஸ் வண்டியில் வந்து நால்வர் பேரையும் கேட்டுக்கொண்டு, அங்கேயே நின்று போனில் ஆபீசுக்குச் சொன்னார். அந்தக் கிணற்றடியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும்.

மறுநாள் பேப்பரைப் பிரித்த லூர்து, அதை மற்றவர்களிடம் நீட்டினான். மூன்றாம் பக்கத்தில் செய்தி வந்திருந்தது.

'கிணற்றில் விழுந்த ஐவர் உயிருடன் மீட்பு.' கீழே பெயர்கள்: லூர்துசாமி, காதர்மைதீன், இருளப்பன், மங்கை, அரசி.

காதர் விரல் விட்டு எண்ணினான். பேப்பரில் ஐந்து. கொட்டகையில் நாலு. தூணையும் சேர்த்து எண்ணிப் பார்த்தான். சரிவரவில்லை.

"யாருடா இந்த அரசி?"

"நம்ம கூடத்தான் படிச்சிருக்கா. பேப்பர்ல போட்டிருக்கே."

"நான் பார்த்த மாதிரியே இல்லையேடா."

"நீ தூங்கிட்டு இருந்திருப்ப" என்று லூர்து இருளப்பனை அடக்கினான். "பரீட்சையில கேட்டா என்ன எழுதுவ? பேப்பர்ல இருக்கிறதத்தான எழுதணும்? ஐவர்னா ஐவர்தான்."

"மேல வந்தது நாலு பேருதான். நான் எண்ணினேன்" என்றான் காதர். "அப்ப அவ இன்னும் உள்ளதான் இருக்கா."

மங்கை ஐயோ என்று தலையில் கை வைத்தாள். "பொம்பளைப் பிள்ளைய ஒத்தையில விட்டுட்டு வந்துட்டோமே!"

அந்த நேரம் பார்த்துத் தெருவிலிருந்து அவள் அம்மாவின் குரல் வந்தது. "அரசி! ஏய் அரசி! சாப்பிட வாடி!"

மங்கைக்கு அழுகை பீறிட்டது. "எங்கம்மாவுக்கு இன்னும் விஷயமே தெரியாது."

"உங்கம்மாவுக்கு அரசியைத் தெரியுமா?" என்று லூர்து அதிர்ந்தான்.

"தெனமும் அவளைத்தான் சாப்பிடக் கூப்பிடும். யாரும் வர்றதில்லையேன்னு நானே போய்ச் சாப்பிட்டுருவேன். அவ சோத்தையெல்லாம் நான்தான் தின்னிருக்கேன்!"

எல்லாருக்கும் மனசு கனத்துவிட்டது. கிணற்றடிக்கு ஓடினார்கள். லூர்து குனிந்து, "அரசீ!" என்று கத்தினான். உள்ளேயிருந்து, "அரசீ..." என்று மெல்லப் பதில் வந்தது.

"இருக்காடா! பேரைச் சொல்றா!"

"பயப்படாத தாயீ!" என்றான் காதர். உள்ளிருந்து அவளும் காதருக்குத் தைரியம் சொன்னாள். இந்த நிலைமையிலும் அடுத்தவனைத் தேற்றுகிறாளே என்று அவன் உருகிப்போனான். கயிறு விட்டுப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. பன் வாங்கிப் போட்டார்கள், சாப்பிட்ட சத்தம் இல்லை. சரி, மீட்பு என்று போட்டவரிடமே போய்க் கேட்போம் என்று நிருபர் சந்திரபோஸ் வீட்டுக்கு நடந்தார்கள்.

அவர் ஒரு விபத்துச் செய்திக்காகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், அஞ்சு பேருன்னு போட்டீங்க. அஞ்சாவது ஆளைக் காணோம்."

சந்திரபோஸ் பேப்பரை வாங்கிப் பார்த்து நாக்கைக் கடித்தார். "அடடா, ஆபீஸ்ல தப்பா வாங்கிட்டான். நாளைக்கே திருத்தம் போடச் சொல்றேன், படிச்சுக்கங்க." வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் திருத்தம் வந்தது. பெட்டி கட்டி, சின்ன எழுத்தில். லூர்து எழுந்து நின்று படித்தான்.

"வாடிக்கரை கிணறு மீட்புச் செய்தியில் நால்வர் என்பதே சரி. அரசி என்பவர் இல்லை. வருந்துகிறோம்."

மங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "போயிட்டாளா!"

"நேத்து ராத்திரியே முடிஞ்சிருக்கும்" என்றான் லூர்து கம்மிய குரலில். "அஞ்சு பேரு நாலு பேராயிட்டோம்."

"எத்தனையோ சாவு போடறாங்க, எதுக்காவது பேப்பர் வருந்தியிருக்கா?" என்றான் இருளப்பன். "அரசிக்கு வருந்துது பாரு. நம்மள்லயே அவதான் நல்லாப் படிச்சிருக்கா."

நாலு பேரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்றார்கள். இருளப்பனைக் கட்டியிருந்ததால் அவன் முன்பே நின்றுகொண்டிருந்தான்.

கண்ணீர் அஞ்சலி கொடுக்காமல் விடுவது மனுஷத்தனம் இல்லை என்று முடிவாயிற்று. பேப்பரிலேயே கொடுப்பது. போட்டோவுக்கு எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது மங்கை பர்ஸைத் திறந்து தன் பாஸ்போர்ட் சைஸ் படத்தை எடுத்தாள். "எம் பேருக்குப் பக்கத்துப் பேருதான அவ. முகமும் கிட்டத்தட்ட இருக்கும்."

விளம்பரம் வந்த அன்று காலை பத்து மணிக்குள் மங்கை வீட்டு வாசலில் செருப்பு குவிந்துவிட்டது. வத்தலக்குண்டு மாமா கார் பிடித்து, ரோஜா மாலையோடு, மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார். உள்ளே வந்தவர், தலைவிரிகோலமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த மங்கையைப் பார்த்தார். கையிலிருந்த பேப்பரைப் பார்த்தார். மாலையோடு சுவரில் சாய்ந்தார்.

"நீ செத்துட்டன்னு போட்டிருக்கேம்மா!"

"நான் இல்ல மாமா. அரசி." மங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"அடியே, நீதானடி அரசி! மங்கையர்க்கரசின்னு உனக்குப் பேரு வச்சதே நான்தானடி!"

மங்கையின் அழுகை நின்றது. அம்மா விளக்குமாற்றைத் தேடிப் போனாள். மாமா நெஞ்சைத் தடவியபடி வெளியே வந்து, பேப்பரில் சாவு வந்த பெண்ணைத் தன் பையனுக்குக் கட்டினால் ஊரில் என்ன பேசுவார்கள், சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிக் காரில் ஏறிவிட்டார். அம்மா அடித்த அடியில் மங்கைக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. இனி கல்யாணம் இல்லை, பரீட்சை ஒன்றுதான் கதி. பரீட்சை ஞாயிற்றுக்கிழமை.

கொட்டகையில் அவசரக் கூட்டம் கூடியது.

"நான்தான் அரசின்னா நான் செத்துட்டேனா?" என்று கேட்டாள் மங்கை.

"அதெப்படி? மங்கை மீட்கப்பட்டார்னு பேப்பர்லயே இருக்கு. அது இன்னும் திருத்தம் ஆகல" என்றான் லூர்து.

"அப்ப பாதி இருக்கா, பாதி இல்ல" என்று காதர் கணக்கை முடித்தான்.

இருளப்பனுக்கு இதுதான் நேரம். கயிற்றை அவிழ்க்கச் சொல்லி முன்னால் வந்தான். "பேப்பர்காரனுக்குப் பிரிக்கத் தெரியல. மங்கையர்க்கு கூட்டல் அரசி, மங்கையர்க்கரசி. இதுல அரசி போயிட்டா. மிச்சம் இருக்கிறது மங்கையர்க்கு. இனிமே இவ முழுப் பேரு அதுதான். செத்தவங்க பேரைச் சொல்லிப் பரீட்சை எழுதினா செல்லாது."

அவளும் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். வாய்க்கு நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் பரீட்சை. வாசலில் கூட்டம் அலைமோதியது. விசில் ஊதிக்கொண்டிருந்த காவலாளியிடம், பரீட்சை அறை எது என்று தெரிந்துகொள்ள அவள் முண்டியடித்துப் போய்க் கேட்டாள்.

"சார், மங்கையர்க்கு எந்த ரூம்?"

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கட்டடத்துக்குப் பின்னால போம்மா. போர்டு இருக்கும்."

நால்வரும் பின்னால் போனார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் போர்டெல்லாம் நல்ல தமிழில்தான் எழுதுவார்கள். தனியாக நின்ற ஒரு சின்னக் கட்டடத்தின் நெற்றியில், நீலப் பெயின்ட்டில், பெரிய எழுத்தில் இருந்தது: மங்கையர்க்கு மட்டும்.

லூர்து போர்டை அண்ணாந்து பார்த்தான். "நமக்கெல்லாம் ஒரு ரூமுக்கு இருபது பேரு. இவளுக்கு மட்டும் தனிக் கட்டடமே கொடுத்திருக்காங்கடா."

"தண்ணி வசதியோட. வாளி, மக்கு எல்லாம் இருக்கு" என்றான் காதர், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு.

அவள் மூவரையும் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வேகவேகமாக வந்து கதவைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து குரல் கேட்டது: "கேள்வித்தாளா? கதவுக்குக் கீழ தள்ளி விடுங்க!"