பிலோமினா உட்கார்ந்த சாயங்காலம்

சீடருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. திருச்சியில் ஒரு வலி சிகிச்சை மையத்தில் இப்படி ஓர் ஏறுமாறான குருகுலம் நடந்துகொண்டிருந்தது.

சீடர் டாக்டர் குணசீலன். அதுவரை ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுத்தே காலம் தள்ளியவர். அவர் கைக்கு வந்தவர்கள் எல்லாரும் தூங்கினார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. தூங்குகிற ஆள் என்னத்தைக் குறை சொல்வது? ஸ்கேன் பார்த்து வலிக்கு ஊசி போடுகிற வித்தையைக் கற்றுக்கொள்ள டாக்டர் மெஹர்பானுவிடம் வந்து சேர்ந்திருந்தார்.

அங்கே அவரிடம் வந்த நோயாளி பிலோமினா, சுங்கச்சாவடியில் ரசீது கொடுப்பவள். பிட்டத்துக்குள் ஆழத்தில் பிரிஃபார்மிஸ் என்று ஒரு சின்னத் தசை. அது இறுகி, அடியில் காலுக்கு இறங்கும் நரம்பை நெரித்தது. நிற்கலாம், படுக்கலாம். உட்கார்ந்தால் உயிர் போகும். அவளுடையதோ நாள் பூராவும் உட்கார்ந்து செய்கிற வேலை.

குணசீலன்தான் ஊசி போட்டார். திரையில் ஊசி முனை தசைக்குள் போனதும் மருந்து பரவியதும் பாடப் புத்தகத்துப் படம் மாதிரியே இருந்தன. கொஞ்ச நேரத்தில் பிலோமினா எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து அழுதாள்.

"இனி வராதும்மா," என்றார் அவர்.

மறுநாள் காலையே வலி வந்துவிட்டது. சில வாரம் பொறுத்து மறுபடியும் போட்டார். மறுபடியும் அதே கதை. இன்று அவள் வராந்தாவில் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். மற்ற நோயாளிகள் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஸ்கிரீன்ல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சும்மா."

"அப்ப ஸ்கிரீனுக்கு வலி போயிருக்கும் சார்."

கோபமே இல்லாமல் சொன்னாள். அது அவரை நொறுக்கிவிட்டது. நேராகக் குருவின் அறைக்குப் போனார்.

"மேடம், அந்தம்மாவ வேற எங்கயாவது அனுப்பிடலாம். நானும் தியேட்டருக்கே திரும்பிப் போயிடறேன்."

"என்ன தப்பு பண்ணீங்க சார்?"

"ஊசியில தப்பு இல்ல."

"நான் ஊசியக் கேக்கல."

குணசீலன் யோசித்தார். "இனி வராதுன்னு சொன்னேன்."

"நீங்க சொன்னப்ப உள்ள எது வேலை செஞ்சிட்டிருந்தது?"

அவருக்குத் தெரியாததா? ஊசியில் இரண்டு மருந்து. ஒன்று மரத்துப்போக வைப்பது. சில மணி நேரத்தில் அடங்கிவிடும். மற்றது மெதுவாக வேலை செய்யும்; செய்யாமலும் போகும். மரத்துப்போக வைக்கும் மருந்தோடு பாதி ஆயுளைக் கழித்த மனிதர், அதன் பேச்சையே நம்பி வாக்குக் கொடுத்திருந்தார்.

"மரத்துப்போற மருந்துதான்," என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மெஹர்பானு எழுந்து வராந்தாவுக்குப் போனார்; குணசீலனும் பின்னால் போனார். பிலோமினாவுக்குப் பக்கத்தில் தானும் சுவரில் சாய்ந்து நின்றார்.

"முதல் ஊசி போட்ட அன்னிக்குச் சாயங்காலம் என்ன செஞ்சீங்கம்மா?"

பிலோமினாவுக்கு வெட்கமாக இருந்தது. "பஸ்ஸுல உக்காந்தேன் டாக்டர். என் ஸ்டாப் வந்துச்சு. எறங்கல. கடைசி ஸ்டாப் வரைக்கும் உக்காந்துகிட்டே போயி, அதே பஸ்ஸுல உக்காந்துகிட்டே திரும்பி வந்தேன்."

"வீட்டுல?"

"புள்ளைங்களோட தரையில உக்காந்து சாப்பிட்டேன். அம்மா உக்காந்துருச்சுன்னு சின்னவ கை தட்டினா."

சுவரில் முதுகை மாற்றிச் சாய்த்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"நின்னுகிட்டே குனிஞ்சு ரசீது குடுத்துப் பாத்தேன். வண்டி தேங்குதுன்னு வேற ஆளப் போட்டுட்டாங்க. வேலை போனாப் போவுது டாக்டர். அந்த ஒரு சாயங்காலத்த மட்டும் திரும்பக் குடுங்க."

"அப்படி ஊசி போட்டுக்கிட்டே இருக்க முடியாதும்மா."

அவள் தலையசைத்தாள். அவளுக்கும் அது தெரிந்தே இருந்தது. மெஹர்பானு அவள் தோளைத் தொட்டுவிட்டு அறைக்குத் திரும்பினார். பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார் குணசீலன்.

"அந்த ஊசியப் போடாமலே இருந்திருக்கலாம் மேடம். வலி இல்லாம இருக்கறது எப்படின்னே மறந்திருந்தாங்க. நான் ஞாபகப்படுத்திட்டுப் பிடுங்கிட்டேன்."

"ஆமா. பிடுங்கிட்டீங்க."

ஆறுதலாக ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்திருந்தார். வரவில்லை.

"ஆபரேஷன் பண்ணினா?"

"வலி போகும்னு என்னால சொல்ல முடியாது."

"ஏன் போகலன்னாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

குணசீலனுக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில், தன்னைவிடச் சின்னவர் முன்னால் அழுகிறோமே என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

"அப்ப நான் எதுக்கு மேடம் திரும்ப அவங்ககிட்ட போகணும்? கையில ஒண்ணுமே இல்லாம, அவங்க முன்னால போய் நின்னு என்ன செய்ய?"

மெஹர்பானு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"மருந்து ஒரு சாயங்காலம் இருந்துட்டுப் போயிடுச்சு. நீங்க எவ்வளவு நேரம் இருப்பீங்க சார்?"