கத்தாத பெட்டிகள்

பாலாற்றங்கரையில், தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே பூங்கோதை குரு, தணிகாசலம் சீடர். குருவுக்கு முப்பத்தொரு வயது. சீடருக்கு ஐம்பத்து மூன்று. எலக்ட்ரிக்கல் பிரிவில் இருபத்தைந்து வருடம் கொடிகட்டிப் பறந்துவிட்டு, முழங்கால் வலியால் ஏணி ஏற முடியாமல் இவளிடம் வேலை கற்க வந்தவர்.

பூங்கோதையின் பொறுப்பில் ஐந்து வாயு மீட்டர்கள் இருந்தன. உள்ளங்கையில் அடங்கும் பெட்டிகள். கழிவுநீர்க் கிணற்றில் இறங்குகிறவர் அதில் ஒன்றைச் சட்டையில் மாட்டிக்கொள்வார். விஷவாயு வந்தால் பெட்டி கத்தும், உடனே மேலே ஏறிவிடலாம். பெட்டியின் முகத்தில் சல்லடை மாதிரி சிறு துளைகள் இருக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் சென்சார்தான் அதன் மூக்கு.

தினமும் காலையில் பூங்கோதை பெட்டிகளை ஈரத்துணியால் துடைப்பாள். துளைகளில் படிந்த தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டுவாள். பிறகு ஒரு சின்ன சிலிண்டரிலிருந்து குழாய் வழியே கொஞ்சம் வாயுவை அதன் மூக்கில் விடுவாள். பெட்டி கத்தும். நோட்டில் அதன் எண்ணுக்கு நேரே 'கத்தியது' என்று எழுதுவாள். ஐந்தும் கத்திய பிறகே அனுமதி அட்டையில் கையெழுத்துப் போடுவாள். அந்த அட்டை கையில் இல்லாமல் யாரும் கிணற்றில் கால் வைக்கக் கூடாது.

"இன்னா மேடம், நேத்துதான் கத்துச்சே. இன்னிக்கும் எதுக்கு அழ வைக்கிறீங்க?" என்று தணிகாசலம் ஒருநாள் கேட்டார்.

"நேத்து கத்தினது நேத்துக்குண்ணே."

சின்னப் பெண், பயம் ஜாஸ்தி என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மற்றபடி அவருக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் பொறுமையாகத் துடைத்தார், தட்டினார். ஒரே ஒரு ஆசைதான், அட்டையில் தன் கையெழுத்து விழ வேண்டும். 'பத்தாங்கிளாஸ் ஃபெயிலான ஆளோட கையெழுத்தை நம்பி ஒருத்தன் இறங்கி ஏறணும்' என்று மனைவியிடம் சொல்லிச் சொல்லி, அந்த அம்மாளுக்கும் அது ஆசையாகிவிட்டது.

ஆயுத பூஜை வந்தது. பூங்கோதை திருப்பத்தூரில் இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

"விஜயதசமி அன்னிக்குக் காலையில வந்துடுவேன். அன்னிக்கு நீங்களே சோதிச்சு, நீங்களே கையெழுத்துப் போடுங்கண்ணே. நான் பக்கத்துல நிக்கிறேன்."

தணிகாசலத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

பூஜையன்று நிலையமே குளித்தது. பம்புக்குச் சந்தனம், மோட்டாருக்குக் குங்குமம், காவலாளியின் சைக்கிளுக்குக்கூட மாலை. தணிகாசலம் தன் ஐந்து பெட்டிகளையும் வரிசையாக வைத்தார். பைக்குக்கு அடிக்கும் பாலிஷ் ஸ்ப்ரேயை அடித்து முகம் தெரியும்படி தேய்த்தார். பிறகு சந்தனத்தைக் குழைத்து, பெட்டிக்கு நெற்றி எது என்று பார்த்தார். நட்டநடுவில் வட்டமாக அந்தத் துளைகள் இருந்தன. அவ்வளவு பொருத்தமான இடம் வேறு இல்லை. தாராளமாக அப்பி, மேலே குங்குமமும் வைத்தார்.

மறுநாள் விஜயதசமி. ஏழரை முதல் எட்டரை வரை நல்ல நேரம் என்று காலண்டர் சொன்னது. பூங்கோதை வரவேண்டிய பஸ் தாமதமானது. கிணற்றில் அடைப்பு எடுக்க நூருல்லா தயாராக வந்து நின்றார்.

தணிகாசலம் பெட்டிகளை ஆன் செய்தார். ஐந்தும் பூஜ்யம் காட்டின, ஒரு முனகல் இல்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. அவர் அட்டையில் கையெழுத்துப் போட்டு, நூருல்லாவின் சட்டையில் ஒரு பெட்டியை மாட்டி, இனிப்புப் பொரியும் ஒரு கை கொடுத்து அனுப்பினார்.

சிறிது நேரத்தில் பூங்கோதை உள்ளே வந்தாள். மேஜைமேல் நான்கு பெட்டிகள் பளபளவென்று இருந்தன.

"சோதிச்சாச்சாண்ணே?"

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு மேடம் ஒப்பாரி? முந்தாநாள் நல்லாத்தானே கத்துச்சு. பாருங்க, எல்லாம் சமத்தா பூஜ்யம் காட்டுது."

பூங்கோதை சிலிண்டரைத் திறந்து குழாயை முதல் பெட்டியின் மூக்கில் வைத்தாள். பெட்டி பூஜ்யம் காட்டியது. இரண்டாவதில் வைத்தாள். அதுவும் பூஜ்யம்.

மூன்றாவதைத் தணிகாசலம் பார்க்கவில்லை. முழங்கால் வலியை மறந்து வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

"நூருல்லா! இறங்காதே! டேய், இறங்காதே!"

அந்தச் சத்தம் சாலைவரை கேட்டது. ஏணியில் ஒரு கால் வைத்திருந்த நூருல்லா காலை எடுத்தார். தணிகாசலம் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, கிணற்றிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தின பிறகும் விடவில்லை.

"இன்னாண்ணே? பெட்டி கத்தவே இல்லியே."

"அது கத்தாது. நான்தான் அதைக் கெடுத்துட்டேன். தப்பு என்னுது."

எல்லாரும் கூடிவிட்டார்கள். அவர் எல்லார் முன்னாலும் அதையே இன்னொரு தரம் சொல்லி, தன் கையெழுத்திருந்த அட்டையை வாங்கிக் கிழித்தார்.

"அப்ப எனக்கு இன்னிக்கு லீவா?" என்று நூருல்லா மிச்சப் பொரியை வாயில் போட்டுக்கொண்டார்.

அறையில் பூங்கோதை, நூருல்லாவிடமிருந்த ஐந்தாவதையும் வாங்கிச் சோதித்துவிட்டு, பெட்டிகளைத் திறந்து வைத்திருந்தாள். சந்தனத்தைச் சுரண்டி, ஃபில்டரை மாற்றியதும் இரண்டு பெட்டிகள் கத்தின. மற்ற மூன்றும் வாய் திறக்கவில்லை. பாலிஷ் அவற்றின் சென்சாரைக் கொன்றுவிட்டது, புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

தணிகாசலம் அனுமதி அட்டைப் புத்தகத்தை அவள் முன் வைத்தார். வெட்கத்தில் அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இது எனக்கு வேணாம் மேடம். பழைய பிரிவுலயே ஏதாவது உக்காந்து செய்யற வேலை கேட்டுக்கிறேன்."

பூங்கோதை நோட்டை அவர் பக்கம் திருப்பினாள். அன்றைய தேதியில், காலை எட்டு மணிக்கு நேரே, ஒன்று முதல் ஐந்து வரை 'கத்தவில்லை' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஆறாவதாக ஒரு வரி இருந்தது.

'தணிகாசலம் – கத்தினார்.'

அவர் அதை இரண்டு தரம் படித்தார்.

"இதுல என் பேரு எதுக்கு மேடம்?"

"காலையில சோதிச்சதுல கத்தினது அது ஒண்ணுதாண்ணே."

அவர் பிரஷ்ஷை எடுத்து, ஒரு பெட்டியின் துளைகளில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்ட ஆரம்பித்தார். பூங்கோதை பொரித் தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். வெளியே யாரோ நூருல்லாவைக் கிண்டல் செய்து சிரிப்பது கேட்டது. தணிகாசலத்துக்கும் சிரிப்பு வந்தது.

"அப்போ நாளைக்கு நான் கையெழுத்துப் போடலாமா மேடம்?"

"நாளைக்குக் காலையில பார்க்கலாம்ணே."