நஞ்சி கட்டிய வீடு

நஞ்சியைக் காட்டைவிட்டுத் துரத்த ஜமீன்தாருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. "ஒரு மரம் வெட்டக் கூடாது, ஒரு பிடி மண் தோண்டக் கூடாது. மழைக்கு முன்னால் வீடு கட்டினால் இரு, இல்லையென்றால் கிளம்பு" என்றார்.

"சரிங்க சாமி" என்றாள் நஞ்சி.

முதல் மழையன்று வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். செம்மண் சுவர், வழவழப்பான மரத்தூண், புல்கூரை. கோயில் என்று தோன்றியதோ என்னவோ, தானாகவே செருப்பைக் கழற்றினார். உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. தாய்க்கோழியின் இறகுக்குள் புகுந்த மாதிரி கதகதப்பு. அப்புறம்தான் கோபம் வந்தது.

"மண்ணைத் தோண்டியது யார்?"

"கறையானுங்க சாமி. அதுங்க விட்டுட்டுப் போன புற்றைத்தான் குழைச்சேன்."

"மரம்?"

"அதை முறிச்சுப் போட்டது வேற ஒரு ஆளுங்க."

"இழுத்து வா அவனை. தோலை உரிக்கிறேன்."

நஞ்சி ஓடைப் பக்கம் கை காட்டினாள். மழையில் நனைந்தபடி ஒற்றைக்கொம்பன் யானை நின்றுகொண்டிருந்தது.

"கூப்பிடட்டுங்களா?"

அந்தச் செருப்பு இன்னும் நஞ்சி வாசலில்தான் கிடக்கிறது.