சுடாத குண்டு

துப்பாக்கி பழுதுபார்த்துப் பிழைத்த அடைக்கலம், ஐம்பது வயதில் தொழிலை விட்டுவிட்டு மாதேவி அம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர்.

ஒருநாள் ஒச்சப்பன் என்ற விவசாயி அடைக்கலத்தைத் தேடி மடத்துக்கு வந்தார். சாக்கில் சுற்றி ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி கொண்டுவந்திருந்தார். கட்டையைக் கரையான் தின்றிருந்தது. குழலில் துரு செதில் செதிலாக உரிந்தது. விசை அசையவில்லை.

"எங்க பூட்டனோடதுங்க. எங்க மாட்டைத் திருட வந்த அக்கரை ஊர்க்காரங்க மூணு பேரை இதாலதான் சாய்ச்சார். அங்கேயே அவரும் விழுந்தார். இந்தத் திருவிழாவுல அக்கரையைப் பார்த்து ஒரு வெடியாவது வெடிக்கணும். சரிபண்ணிக் கொடுங்க."

அந்தச் சண்டை நடந்த நாளிலிருந்து இரண்டு ஊருக்கும் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது.

அடைக்கலம் குழம்பிப்போய் குருவிடம் வந்தார்.

"அம்மா, எல்லாத்தையும் மாத்தினா இது அவங்க பூட்டன் துப்பாக்கியே இல்லை. மாத்தாம சுட்டா குழல் வெடிச்சு கை போயிடும். அப்படியே விட்டா துரு தின்னுடும். செய்யறதா, வேணாமா?"

"வெளியே பார்த்தீங்க. உள்ளே பார்த்தீங்களா?"

அடைக்கலம் குழலுக்குள் ஒரு கம்பியை விட்டார். அடிவரை போகவில்லை. நான்கு விரல் முன்னாலேயே முட்டி நின்றது. அவர் முகம் மாறியது.

"வெடிமருந்தும் குண்டும் உள்ளே கெட்டிச்சபடியே இருக்கு."

தண்ணீர் ஊற்றி ஊறவைத்தார். மறுநாள் ஒச்சப்பன் கண்ணெதிரே உள்ளிருந்ததை இழுத்தார். முதலில் குண்டை அடைத்திருந்த நார் வந்தது. பிறகு ஓர் ஈயக்குண்டு ஒச்சப்பன் கையில் விழுந்தது.

"அப்ப பூட்டன் சுடவே இல்லையா?"

"சுட்டுட்டு மறுபடி கெட்டிச்சிருக்கலாம்."

"பயந்துட்டாரா?"

"தெரியலைங்க."

"இல்ல, வேணாம்னு விட்டுட்டாரா?"

அடைக்கலம் குழலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பு சுட்டதற்கான தடயம் எதையும் துரு விட்டுவைக்கவில்லை.

ஒச்சப்பன் குண்டை உருட்டிப் பார்த்தார். "இதைச் சொல்லித்தாங்க எங்கப்பா என்னை வளர்த்தார். நான் இப்ப எதை நம்பறது?"

அடைக்கலம் பக்கத்தில் இருந்த குருவைப் பார்த்தார். "அம்மா, நான் இதைச் சரிபண்ணவா, வேணாமா?"

"மூணு பேரைச் சாய்ச்ச மூணு குண்டு பேச்சுல இருக்கு. பூட்டன் சுடாத ஒண்ணு இவர் கையில இருக்கு. எந்தக் குண்டுக்குத் துப்பாக்கி வேணும்னு இவரைக் கேளுங்க."

அடைக்கலம் கேட்பதற்குள் ஒச்சப்பன் குண்டை வேட்டி மடியில் முடிந்துகொண்டு படியிறங்கிவிட்டார். துப்பாக்கியை எடுத்துப் போகவில்லை.