ராஜாவே சுமந்த கூடை

கொட்டாவியைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு கேளுங்கள். ஆறுகளுக்கு அணையென்று ஒன்று இல்லாத காலத்தில், மாறவழுதி என்றொரு ராஜா இருந்தார். அவருடைய பெருமையெல்லாம் அவர் போட்ட ஒரு சட்டம்தான்: கண்டெடுத்த பொருளை உடையவரிடம் சேர்க்க வேண்டும், உடையவர் அதைத் தாமே சுமந்து போக வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லியே ஊரார் காதைத் தின்றுகொண்டிருந்தார்.

அந்த நாட்டு ஆறு கடலில் சேரும் கழிமுகத்தில், வலம்புரி என்றொருத்தி இறால் பிடித்துப் பிழைத்தாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம். சேறும் குப்பையும் சேர்ந்து கழி மேடாகிவிட்டது. இறால் வரவில்லை. ஊரே மூட்டை கட்டத் தொடங்கியது. பிறந்த மண்ணை விட மனமில்லாமல் வலம்புரி அழுதாள். அழுது முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. மூன்று கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு அரண்மனைக்குப் போனாள்.

"மகராசா, தொலைஞ்ச சாமானெல்லாம் கொண்டாந்திருக்கேன். உடையவங்க எடுத்துக்கட்டும்."

முதல் கூடையில் செம்மண். மலையூர்த் தலைவர் குன்றாண்டி மரங்களை வெட்டி மலையை மொட்டையடித்ததால், மழையில் கரைந்து வந்த மண். இரண்டாவதில் அழுகிய வைக்கோல். வயலூர்த் தலைவர் பொன்னேரான் ஆற்றில் தள்ளியது. "சுமந்து போங்கள்!" என்று சபையில் இருந்த அந்த இருவரிடமும் சொல்லி ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார்.

மூன்றாவதைத் திறந்ததும் சபையே மூக்கைப் பொத்திக்கொண்டது. உள்ளே அரண்மனை விருந்தின் எச்சில் இலைகள். ராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"இன்னும் கழி நிறையக் கெடக்கு, வந்து அள்ளிக்கிடுங்க" என்றாள் வலம்புரி.

சட்டம் போட்டவரே தப்ப முடியுமா? மூவரும் கழிச்சேற்றில் இறங்கினார்கள். ராஜா வழுக்கி விழுந்தார், எழுந்தார், மறுபடியும் விழுந்தார். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு பெரும்பாடு.

குன்றாண்டி மண்கூடையோடு பாதி மலை ஏறி, மூச்சு வாங்க உட்கார்ந்தார். "இந்தச் சுமைக்கு மரத்தையே நட்டுத் தொலைக்கலாம்" என்றார்; அப்படியே நட்டார். பொன்னேரான் வைக்கோலை எருக்குழியில் போட்டார். ராஜா எச்சில் இலைகளைத் தென்னைகளுக்கு அடியில் புதைத்தார்.

அடுத்த கூடைக்கு வந்த குன்றாண்டி, தண்ணீர் குடிக்க வலம்புரி வீட்டில் நின்றார்.

"ஏந் தங்கச்சி, அடுப்புல என்ன எரியுது?"

"அலையாத்தி வெறகுண்ணே. கழியோரம் வெட்டினது."

"அப்ப அது கழியோட சொத்துல்ல?"

வலம்புரி அடுப்பிலிருந்து விறகை இழுத்து அணைத்தாள். இறால் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதே அந்த மரத்தின் வேர்களுக்குள்தான். அது அவளுக்குத் தெரியாததா? வெட்கப்பட்டு, நேரே போய்க் கன்று நடக் குனிந்தாள். பார்த்த மூவரும் பக்கத்திலேயே குனிந்தார்கள்.

கன்றுகள் வேர்விட்ட பிறகு இறால் திரும்பி வந்தது. ஊரார் மூட்டைகளை அவிழ்த்தார்கள்.

ஆகவே கேளுங்கள்: ஒரே ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் அடுத்தவர் குற்றத்தைக் காட்டுவதோடு தங்கள் குற்றத்தையும் திருத்திக்கொண்டு ஒன்றுகூடி உழைத்தால்தான் அந்த ஆறு பிழைக்கும்.