முயல்குட்டியின் தாய்

கணவன் இறந்த துக்கம் தாளாமல், பூங்காவனம் தன் ஒரே மகள் செங்கமலத்தை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு ஏரிக்கரை மடத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள். குரு அவளைவிட வயதில் சிறியவர். அவளை அம்மா என்றுதான் அழைப்பார்.

ஒரு நாள் பிற்பகலில் அண்ணன் ஏகாம்பரம் வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“செங்கமலம் சரியா சாப்பிடறதில்ல. வாசலையே பார்த்துட்டு இருக்கா,” என்றார். பிறகு ஏரிப் பக்கம் கையை நீட்டினார். “அந்த முக்குளிப்பான் பறவையைப் பாரு. குஞ்சுகளை முதுகுல ஏத்திக்கிட்டுத் திரியுது. நீ முயல் மாதிரி, பெத்ததைப் புல்லுல போட்டுட்டு ஓடி வந்துட்ட.”

அவர் போன பிறகும் அவள் கரையிலேயே நின்றாள். முக்குளிப்பானின் சிறகுகளுக்கு நடுவிலிருந்து கோடுபோட்ட சின்னத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. மேலே பருந்தின் நிழல். மறுகணம் பறவை குஞ்சுகளோடு முழுகிவிட, தண்ணீரில் வட்டம் மட்டுமே இருந்தது.

குரு வந்து பக்கத்தில் நின்றார்.

“சாமி, அண்ணன் சொன்னது நிஜமா? முயலுக்குப் பாசமே கிடையாதா?”

அவர் அவளைக் கரைக்குப் பின்னாலிருந்த மேட்டுக்கு அழைத்துப் போனார். உயர்ந்த புல்லை மெல்ல விலக்கினார். முயல்குட்டி ஒன்று காதுகளை முதுகோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கண்கள் திறந்திருந்தன. அசையவே இல்லை.

அவள் அதை எடுக்கக் குனிந்தாள்.

“தொடாதீங்கம்மா.”

“தனியா கிடக்குதே!”

“தாய் பக்கத்துல இருந்தா அந்த வாசனைக்கு நரி வந்துடும். முக்குளிப்பானுக்குத் தண்ணி இருக்கு, முழுகிடும். இதுக்கு ஏது தண்ணி? விலகியிருந்துதான் காப்பாத்தணும்.”

அவள் வெகுநேரம் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் ராப்பகலா அழுதுட்டே கிடந்தேன். அதைப் பார்த்துப் பார்த்து அவளும் வாடிப்போனா. அதனாலதான் விலகி வந்தேன். அப்போ நான் செஞ்சது சரிதானே, சாமி?”

“இருக்கலாம்,” என்றார் குரு. “ஆனா முயல் பால் கொடுக்கத் திரும்பி வரும்.”

“எப்போ?”

“பொழுது சாஞ்சதும்.”

அவள் மேற்கே பார்த்தாள். பனைகளின் தலையில் மட்டும் வெயில் மிச்சமிருந்தது.

“செங்கமலம் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கிட்டா என்ன செய்யறது?”

குரு புல்லைப் பழையபடி சேர்த்துக் குட்டியை மறைத்தார்.

“கொஞ்சம் இருந்து, இதோட தாய் வருதான்னு பார்த்துட்டுப் போறேனே?”

“அது வந்துடும்மா. நீங்க கிளம்புங்க.”