நூறு தூக்குக் கல்

கிட்ட வந்து உட்காருங்க. இந்தக் கதையில் ஓர் இடத்தில் கல் முணுமுணுக்கும். தள்ளி இருந்தால் கேட்காது.

மலையடிவாரத்தில் ஒரு மடம். மடத்துக்குச் சோறு போட்டது சுண்ணாம்புக் காளவாய். குரு, பொன்னுருவி அம்மை. சீடர்கள் இரண்டே பேர். இருளப்பன் பன்னிரண்டு வருஷமாகக் கல் உடைக்கிறவன், அம்மையைவிட வயதில் மூத்தவன். சடையாண்டி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காளவாய்க்குத் தீ வைக்கிற பொறுப்பை அம்மை அவனிடம் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து இருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. சடையாண்டி சிரித்தால் எரிந்தது. அவன் தூங்கினாலும் எரிந்தது.

என்ன செய்தான்? தராசை எடுத்தான். உள்ளே போகிற கல்லை நிறுத்தான். வெந்து வெளியே வந்ததையும் நிறுத்தான். நேரே அம்மையிடம் போனான்.

"அம்மா, நூறு தூக்குக் கல் உள்ளே போச்சு. வந்தது ஐம்பத்தாறு. மிச்சம் நாற்பத்துநாலு எங்கே? உங்க செல்லப்பிள்ளையைக் கேளுங்க."

"எப்பவும் அவ்வளவுதான் வரும், அண்ணே" என்றான் சடையாண்டி.

"திருடன் கையில எப்பவும் அவ்வளவுதான்டா வரும்."

அம்மை கேட்டாள். "என்ன செய்யலாம், இருளப்பரே?"

"யார் கையில குறையுதோ, அவன் மடத்தை விட்டுப் போகணும்."

"சரி. அடுத்த சூளையை நீங்க வைங்க."

நூறு தூக்குக் கல்லை நிறுத்துப் போட்டு, மூன்று நாள் இருளப்பன் காளவாயை விட்டு நகரவில்லை. சோறும் அங்கேயே. சடையாண்டியை இருபது அடிக்குள் அண்டவிடவில்லை. ஆறியதும் தானே பிரித்தான், தானே நிறுத்தான்.

ஐம்பத்தாறு.

தட்டை மாற்றிப் போட்டு நிறுத்தான். ஐம்பத்தாறு.

திருட ஆளே வரவில்லை. ஆனால் போய்ச் சொன்னால், மூட்டை கட்டவேண்டியது அவனேதான். காளவாய் அந்தப் பயலுக்கு!

மற்ற இருவரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, வேகாத கல் நாற்பத்துநாலு தூக்கு அள்ளி, சுண்ணாம்புத் தூளில் புரட்டிக் குவியலோடு கலந்துவிட்டான்.

"நூறு, அம்மா! குந்துமணி குறையல."

அம்மை தராசைப் பார்க்கவே இல்லை. குவியலைத் தொட்டியில் கொட்டச் சொன்னாள். சடையாண்டி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினான்.

வெந்த கல் முணுமுணுத்தது. அப்புறம் உறுமியது. அடியில் ஒரு கொள்ளிகூட இல்லை, தொட்டி தளதளவென்று கொதித்தது. ஆவி இருளப்பன் முகத்தில் அடித்தது.

"நீங்க போட்ட தீதான். உள்ளேயே வச்சிருந்து இப்பத் திருப்பித் தருது" என்றாள் அம்மை. "நல்லா சுட்டிருக்கீங்க."

அவனுக்குத் தலை நிமிரவில்லை.

கொதி அடங்கியது. வெண்ணெயாகக் குழைந்த சுண்ணாம்புக்கு நடுவே, மேல் பூசிய தூள் கரைந்துபோய், கல் கல்லாகவே கிடந்தது. குத்துக்குத்தாக, நாற்பத்துநாலு தூக்கும்.

சடையாண்டி பார்த்தான். குடத்தைக் கவிழ்த்து வைத்தான்.

இருளப்பன் தன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். வாசல்வரை போனவன் திரும்பினான்.

"அந்த நாற்பத்துநாலு எங்கதான் போச்சு, அம்மா?"

"காத்தோட போச்சு. தீ பட்டதும் கல் அதை விட்டுடும்."

மண்வெட்டியால் தொட்டியிலிருந்து ஒரு கல்லை வாரி, அலசி, அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது இன்னும் விடல. அடுத்த சூளைக்கு ஆகும். எங்கே கிளம்பிட்டீங்க?"